பாட்டி தந்த நூறு ரூபாவும் நாலு நாள் சைக்கிளும்

இறக்கத்தில் ஒற்றைக் கையை உயர்த்திக்கொண்டு நண்பன் பறந்து வருகிற படம் ஒன்று இருக்கிறது. பின்னால் நமுனுகுலை மலை, இரு பக்கமும் தேயிலைப் பச்சை, முகத்தில் அப்படியொரு பரவசம்! அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். எட்டாவது தடவைதான் சரியாக விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் சைக்கிளை மேட்டுக்குத் தள்ளிப்போய், மூச்சு வாங்கி, திரும்ப இறங்கி வந்தான். ஆறாவது தடவை என் விரல் கேமராவை மறைத்தது. ஏழாவது தடவை கொழுந்து லொறி குறுக்கே வந்தது. ஆகவே, அந்த முகத்தில் இருப்பது பரவசம் அல்ல. 'இதோட விட்டிருவான்' என்ற நிம்மதி.

நாலு நாள், நாலு பேர், நாலு சைக்கிள். ஸ்பிரிங்வெளியில் தொடங்கி ஊவா மலைகளை ஒரு சுற்று. படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். படத்தில் விழாததுதான் உண்மையில் பொறாமைப்பட வேண்டியது. வாருங்கள், திரையைக் கொஞ்சம் விலக்குகிறேன்.

மூட்டை கட்டு படலம்

கொழும்பில் என் அறையின் தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தோம். நால்வரில் மூத்தவர் கண்டி அண்ணன். அவர் இஸ்திரிப்பெட்டி கொண்டுவந்திருந்தார். "நாலாவது நாள் கசங்கின சட்டையோட ரயில் ஏற முடியாது" என்றார். அரை மணி நேரம் வாதாடித்தான் அதை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடிந்தது. யாழ்ப்பாணத்து நண்பன் ஒரு பை நிறைய வறுத்த கச்சான் கொண்டுவந்தான். அதற்கு மட்டும் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

கடைசியில் மிஞ்சிய உருப்படியான சாமான்கள் இவ்வளவுதான்: ஆளுக்கு இரண்டு மாற்று டியூப், ஒரு பம்ப், பஞ்சர் ஒட்டும் சொலூஷனும் ரப்பர் துண்டுகளும், மாற்று பிரேக் கட்டைகள், மழைக்கோட்டு, அட்டைக்கு உப்பு, முழங்காலுக்குச் சித்தாலேப. மூன்றாம் நாள் இரவில் நாங்கள் பணத்தைவிட அந்தச் சித்தாலேபக் குப்பியைத்தான் பத்திரமாக வைத்திருந்தோம்.

பிறகு கியர் விவகாரம். யாழ்ப்பாணத்தான் பிறந்ததே சைக்கிளில் என்று சொல்லலாம், ஆனால் அவன் ஓட்டி வளர்ந்தது கியர் இல்லாத லுமாலா. "எங்கட ஊரில ஏத்தம் எண்டா பாலம் மட்டும்தான் மச்சான்" என்றான். அவனுக்கு இரவல் வாங்கிய மலைச் சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு 22 பல், பின்னால் பெரியதற்கு 34 பல். அந்தக் கியரில் மிதியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஒன்றரை மீட்டர்கூட நகராது. "இதுக்கு நடக்கலாமே" என்று சிரித்தான். இரண்டாம் நாள் மதியம் அதைவிடச் சின்னக் கியர் இருக்கிறதா என்று கேட்டான்.

கோட்டை ஸ்டேசனில் சைக்கிள்களைப் பார்சலாக ஏற்றிவிட்டு, பதுளை ரயிலில் ஏறினோம். ஏறத்தாழ 290 கிலோமீட்டர். வழியில் 1,891 மீட்டர் உயரத்தில் பட்டிப்பொல. இலங்கையின் மிக உயரமான ஸ்டேசன் அது. அப்புறம் இறங்கு இறங்கென்று இறங்கி, 680 மீட்டர் அளவில் இருக்கும் பதுளையில் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. 1924 ஏப்ரல் 5ஆம் திகதி திறந்த ஸ்டேசன். ஜன்னலோரம் உட்கார்ந்து வடை தின்றுகொண்டே நான் ஒரு கணக்குச் சொன்னேன். மலைநாட்டு ரயில் பாதையின் உச்ச ஏற்றம் 44க்கு 1. அதாவது 44 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர்தான் ஏறும். சைக்கிள்காரனுக்கு அது பஞ்சுமெத்தை! ஆனால் நாங்கள் ஏறப்போகும் தோட்டத்து ரோடுகளைப் போட்டவர்களுக்கு ரயில் என்ஜின்மேல் இருந்த இரக்கம் எங்கள்மேல் இல்லை.

ஏற்றப் படலம்

பதுளை ஒரு கிண்ணம். எந்தப் பக்கம் திரும்பினாலும் விளிம்புக்கு ஏறியே ஆக வேண்டும்.

புறப்படும்போதே கண்டி அண்ணன் பயமுறுத்தினார். பதுளையில் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. மேஜர் ரோஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் நினைவாகக் கட்டியது. ஊவாவில் ரோடுகள் போட்டவர் என்று பெயர், ஆயிரத்து நானூறுக்கும் மேல் யானைகளைச் சுட்டவர் என்று அதைவிடப் பெரிய கெட்ட பெயர். 1845இல் இடி விழுந்து இறந்தார். "எங்க தெரியுமா? அப்புத்தளையில. நாம மூணாம் நாள் ராத்திரி தங்கப்போற ஊர்ல." அதற்கப்புறம் வானத்தில் ஒரு மேகம் தெரிந்தாலும் யாழ்ப்பாணத்தான் அண்ணனைத்தான் பார்த்தான்.

ஸ்பிரிங்வெளி ரோட்டில் முதல் அரை மணி நேரம் ஓட்டினோம். அடுத்த அரை மணி நேரம் ஓட்டுவதுபோல் நடித்தோம். பிறகு இறங்கித் தள்ளினோம். இனிச் சொல்லப்போவது மலைநாட்டில் சைக்கிள் ஓட்டிய ஒவ்வொருவரும் அனுபவித்தது. எதிரே வருகிறவரிடம் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால், "இந்தா, அந்த முடக்குத் திரும்பினா வந்துரும்" என்பார். முடக்கில் திரும்பினால் இன்னொரு முடக்கு. அங்கே இன்னொருவர், அதே பதில். ஐந்து பேரிடம் கேட்டோம். ஐந்து பேரும் எங்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் பொய் சொன்னார்கள்.

இந்த ரோடுகள் ஏன் இப்படி வளைந்து வளைந்து போகின்றன என்று தள்ளும்போதுதான் யோசிக்கத் தோன்றுகிறது. தேயிலைக்கு முன்னால் இந்த மலைகளில் இருந்தது கோப்பி. மூட்டைகளோடு மாட்டுவண்டி உருண்டுவிடாமல் இறங்க வேண்டும், மாடு செத்துவிடாமல் திரும்ப ஏற வேண்டும். ஆகவே நேரே போகிற வழியை மடித்து மடித்துப் போட்டார்கள். மலையை வெட்டியதும், கல்லை உடைத்ததும், தமிழகத்திலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் கைகள். அந்தக் கோப்பியைத் தின்று தீர்த்த இலைத்துரு நோய் 1869இல் முதன்முதலில் கண்ணில் பட்டது இதே பதுளை மாவட்டத்து மடுல்சீமையில். கோப்பி போய்விட்டது, மாட்டு வண்டியும் போய்விட்டது. முடக்குகளை மட்டும் எங்களுக்காக விட்டுவைத்திருக்கிறார்கள்.

பீலிப் படலம்

ஸ்பிரிங்வெளி என்ற பெயரைக் கொஞ்சம் சப்புக்கொட்டிப் பாருங்கள். வெள்ளைக்காரன் வைத்தது 'வேலி', பள்ளத்தாக்கு. நம் சனங்கள் அதை 'வெளி' ஆக்கிக்கொண்டார்கள். அந்த ஊரில் வெளி என்று சொல்ல ஒரு கிரிக்கெட் மைதானமளவு சமதரைகூடத் தேட வேண்டும். ஆனால் ஸ்பிரிங் என்கிற பாதி உண்மை. மலையில் ஊறும் தண்ணீரைக் குழாய் வைத்து விழச்செய்கிற இடத்துக்கு மலையகத்தில் பீலி என்று பெயர். அந்தப் பீலிக்கு அடியில் நாலு பேரும் தலையைக் கொடுத்து நின்றோம். படம் எடுக்கவில்லை. எடுக்கிற நிலையில் யாரும் இல்லை.

கொழுந்துக் கூடையோடு வந்த அக்கா ஒருவர் எங்களையும் சைக்கிள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏங்க தம்பி, பஸ்ஸு ஓடலைங்களா?"

"ஓடுதுங்க அக்கா. நாங்க சும்மா, ஆசைக்கு."

"ஆசைக்கா?" என்று கேட்டுவிட்டு, அந்தச் சொல்லைத் தனக்குள் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார். நாள் முழுக்க மேடேறிக் கொழுந்து பறிக்கிறவரிடம், ஆசைக்கு மேடு ஏறுகிறோம் என்று சொன்னவர்கள் நாங்கள்தான் முதலாவதாக இருக்கும்!

என் பாட்டியின் வீடு மேட்டு லயத்தில். இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த பாட்டி எழுந்திரிக்கவில்லை. வியர்வையில் நனைந்து, செயின் எண்ணெய் பூசிய காலோடு நின்ற பேரனை மேலும் கீழும் பார்த்தார்.

"கொழும்புல பெரிய வேலன்னு சொன்னாங்களே. பஸ்ஸுக்குக் காசு இல்லையாய்யா?"

விளக்கிச் சொன்னேன். சுற்றுலா, உடற்பயிற்சி, இயற்கை என்றெல்லாம் சொன்னேன். பாட்டி பொறுமையாகக் கேட்டார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, எட்டாய் மடித்த நூறு ரூபா நோட்டை எடுத்து என் கையில் திணித்தார். "போறப்ப பஸ்ஸுல போ."

மறுத்துப் பார்த்தேன். நடக்கவில்லை. நோட்டை ஹேண்டில் பைக்குள் வைத்தேன். அதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அன்றிரவு தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு சாயத் தேத்தண்ணி. யாழ்ப்பாணத்தான் எத்தனை ரொட்டி தின்றான் என்பதை நட்பு கருதி மறைக்கிறேன்.

ரோதைப் படலம்

விடிவதற்கு முன் மாமா எழுப்பினார். முற்றத்தில் நாலு சைக்கிள்களும் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் ஹேண்டிலில் திருநீறு, முன் சக்கரத்தடியில் ஒரு தேசிக்காய்!

மலையகத் தமிழில் சக்கரத்துக்கு ரோதை என்று பேர். தேயிலைத் தொழிற்சாலைகளில் ரோதைமுனி என்று ஒரு சாமி உண்டு. சுழல்கிற யந்திரங்களுக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவர்கள், கை கால் பத்திரமாக இருக்கக் கும்பிடுகிற சாமி. மாமா தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். "ரெண்டு ரோதைன்னாலும் ரோதைதானே" என்றார். சிரிக்கத்தான் நினைத்தோம். ஆனால் நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தேசிக்காயை நசுக்கி ஓட்டினோம். யாழ்ப்பாணத்தான் 'சில்லு' என்பான், நான் கொழும்புக்கு வந்து 'வீல்' என்று சொல்லப் பழகிவிட்டேன். அன்றிலிருந்து நால்வருக்கும் அது ரோதைதான்.

இரண்டாம் நாள்தான் நீளமான நாள். மறுபடி பதுளைக்கு இறங்கி, பசறைக்கு ஏறி, அங்கிருந்து நமுனுகுலை மலையைச் சுற்றி எல்லவுக்கு. நமுனுகுலை என்றால் ஒன்பது சிகரம் என்று பொருள் சொல்கிறார்கள். உச்சி 2,036 மீட்டர். ஒன்பதையும் எண்ணிவிட வேண்டும் என்று கண்டி அண்ணன் காலையிலிருந்தே முயற்சி செய்தார். நாலு வரைக்கும் எண்ணினார், அதற்குள் மூடுபனி வந்துவிட்டது.

பசறை தாண்டியதும் காற்றுப் பிடித்துக்கொண்டது. "இது கச்சான் காத்து" என்றேன். "கச்சானா? அது என்ர பையில எல்லோ கிடக்குது" என்றான் யாழ்ப்பாணத்தான். அந்த நகைச்சுவையை அவன் அதற்கப்புறம் பதினொரு தடவை சொன்னான், அதுவும் எண்ணிவைத்திருக்கிறேன். விஷயம் என்னவென்றால், தென்மேல் பருவக்காற்று தன் மழையை எல்லாம் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து மலைகளிலேயே கொட்டிவிடுகிறது. மலை தாண்டி ஊவாவுக்கு வரும்போது அதனிடம் மிஞ்சுவது வறட்சிதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை அடிக்கும் அந்தக் காய்ந்த காற்றில் தேயிலைச் செடி வதங்குகிறது, வதங்கிய கொழுந்தில் ஒரு தனியான குளிர்ந்த வாசம் ஏறுகிறது. ஊவாத் தேயிலை நல்ல விலை போவது அந்தச் சில வாரங்களில்தான். செடியை வதக்குகிற காற்று எங்களையும் வதக்கியது. எங்களிடமிருந்து ஏறிய வாசத்துக்கு மட்டும் விலை கிடைக்காது.

மூன்றாம் நாள் காலை, எல்லோரும் எடுக்கிற அந்தப் படம்: ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடித்தது. 24 மீட்டர் உயரம், 91 மீட்டர் நீளம். படத்தில் பாலத்தில் நாங்கள் தனியாக நிற்பது போல் இருக்கும். படத்துக்கு வெளியே ஐம்பது பேர் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள், ஒருவர் இளநீர் விற்றுக்கொண்டிருந்தார், பின்னால் நின்றவர் "சீக்கிரம்" என்று மூன்று மொழிகளில் சொன்னார். எடுத்தோம், கிளம்பினோம். பண்டாரவளையில் தேத்தண்ணி, சாயங்காலம் அப்புத்தளை. 1,431 மீட்டர். இரவு வானம் பளிச்சென்று இருந்தது. இடியும் விழவில்லை.

நாலாம் நாள் விடிகாலை தம்பேத்தன்னைக்கு மிதித்தோம். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய தொழிற்சாலை அங்கே இன்னும் நிற்கிறது. அதற்கு மேலே, அவர் உட்கார்ந்து தன் மலைகளைப் பார்த்தார் என்று சொல்லப்படும் லிப்டன் சீட். அந்த ஏற்றத்தில் நாங்கள் மிகச் சின்னக் கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு போனபோது, பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிய பெண்கள் கூட்டம் பேசிச் சிரித்தபடி எங்களை முந்திக்கொண்டு போனது. நடந்தே! அதில் ஒரு பெரியம்மா திரும்பிப் பார்த்து, "தள்ளிட்டு வாங்க தம்பி, சீக்கிரம் வந்துருவீங்க" என்றார். நாலு நாளில் கிடைத்த மிகச் சிறந்த தொழில்நுட்ப ஆலோசனை அதுதான்.

உச்சியிலிருந்து தெற்கே பார்த்தால் மலை சட்டென்று சரிந்து இறங்குகிறது. கீழே கொஸ்லாந்தைப் பக்கம் மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலையில் மண்சரிந்து லயங்களை மூடிய இடம். அங்கே நின்ற பத்து நிமிஷமும் கச்சான் நகைச்சுவை வரவில்லை.

இறக்கப் படலம்

அப்புத்தளையிலிருந்து பதுளை வரை மொத்தத்தில் 750 மீட்டர் இறக்கம். இறக்கம் என்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. நானும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேறும் சக்தியில் இரண்டு லிட்டர் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். பத்துப் பேருக்குத் தேத்தண்ணி! அதில் ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்கிறது, மிச்சம் எல்லாம் பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் சூடாக இறங்குகிறது. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும், முன்னதையும் பின்னதையும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும், நடுவில் நின்று ஆறவிட வேண்டும். ஆறவிடுவதற்காகத்தான் வழிநெடுக தேத்தண்ணிக் கடைகள் இருக்கின்றன என்பது எங்கள் உறுதியான நம்பிக்கை.

தெமோதரையில் நீண்ட நேரம் ஆறவிட்டோம். அங்கே ரயில் பாதை ஒரு வேடிக்கை செய்கிறது. ஸ்டேசனை விட்டுப் புறப்பட்ட ரயில் மலையை ஒரு வட்டம் அடித்து, அதே ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. 44க்கு 1 என்ற ஏற்றத்தை மீறாமல் அவ்வளவு உயரத்தை இறங்க வேறு வழி இல்லை. இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். எதிர்மலையில் தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாராம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளர் விமலசுரேந்திரவுக்கு வளையம் தோன்றிவிட்டதாம். கதை நிஜமோ இல்லையோ, ஒரு தலைப்பாகைக்குள் ரயிலை ஓட்டிய கதை. கண்டி அண்ணன் உடனே துவாயை எடுத்துத் தலையில் கட்டிப் பார்த்தார். எந்த யோசனையும் வரவில்லை.

தெமோதரை தாண்டி மூன்றாவது முடக்கில் 'புஸ்'. என் பின் டயர். டியூப் மட்டும் என்றால் ஐந்து நிமிஷ வேலை. ஓரத்தில் கூரான கல் ஒன்று டயரின் பக்கவாட்டையே இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்திருந்தது. புது டியூப் போட்டுக் காற்றடித்தால், கிழிசல் வழியே டியூப் பலூன் மாதிரி பிதுங்கியது. மாற்று டயர் யாரிடமும் இல்லை. இஸ்திரிப்பெட்டியைக் கொண்டுவர நினைத்தவர்களுக்கு ஒரு டயர் கொண்டுவரத் தோன்றவில்லை!

யாழ்ப்பாணத்தான் முன்னால் வந்தான். போர்க்காலத்தில் சாமான் தட்டுப்பாட்டுக்குள் சைக்கிள் ஓட்டிய வீட்டுப் பிள்ளை. டயரை உட்புறமாகத் திருப்பி விரலால் தடவிப் பார்த்தான். "உள்ளுக்கு ஏதும் கிழியாத தாள் வைக்கவேணும். காசுத் தாள் இருக்கே மச்சான்?"

ஹேண்டில் பைக்குள் கைவிட்டேன். எட்டாய் மடித்த அதே நோட்டு. பணத்தாள் சாதாரணக் கடதாசி அல்ல, பருத்தி நார் கலந்தது, இழுத்தாலும் சட்டென்று கிழியாது. இரண்டு மடிப்பை மட்டும் பிரித்து, கிழிசலுக்கு உட்புறம் வைத்து, மேலே டியூபைப் போட்டு, மெதுவாகக் காற்றடித்தான். பிதுங்கவில்லை. ஹாலிஎல வந்தது, பதுளை வந்தது, ஸ்டேசன் வாசல் வரை ஒரு பொட்டுக் காற்று இறங்கவில்லை.

கொழும்புக்கு வந்து பாட்டிக்குப் போன் போட்டேன்.

"பஸ்ஸுல போனியா?"

"அந்தக் காசுலதான் பாட்டி வந்தேன்."

அது பொய்யில்லை.

ஊவாவுக்குச் சைக்கிளோடு கிளம்ப ஆசைப்படுகிறவர்களுக்கு மூன்று சொல். ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் போங்கள். அக்டோபரிலிருந்து இந்தப் பக்கம் மழைக்காலம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை இருக்கிற நாட்களில் கட்டாயம் போகாதீர்கள். முடக்குகளில் மணி அடியுங்கள், கொழுந்து லொறிக்கு எப்போதும் வழி விடுங்கள், அது வேலைக்குப் போகிறது, நாம் ஆசைக்குப் போகிறோம். ஏற்றம் முடியவில்லையென்றால் வெட்கப்படாமல் இறங்கித் தள்ளுங்கள். பீலியும் பெரியம்மாவும் பாட்டியும் தள்ளுகிறவர்களுக்குத்தான் கிடைப்பார்கள்.

டயர் மாற்றிவிட்டேன். பழைய டயரை எறியவில்லை. நூறு ரூபா இன்னும் அதற்குள்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.